தண்ணியில கண்டமா? கடலுக்கடியில கண்டேன்!

நீச்சல் தெரியாத ஒருத்தன், அந்தமான் பவளப்பாறை, ஒரே ஒரு நாள்!

‘‘இவனுக்குத் தண்ணியில கண்டம் இருக்கு. ஆறு, குளம் பக்கம் விட்டுடாதீங்க தாயீ!’’

எனக்கு எட்டு வயசா இருக்கும்போது எங்க ஊர் ஜோசியர் அம்மாகிட்ட சொன்ன வார்த்தை இது. இதைச் சொல்ல ஜாதகமே தேவையில்லை. அதுக்கு முந்தின வாரம்தான் மாமா எனக்கு நீச்சல் கத்துக்கொடுக்கிறேன்னு முதுகுல காலி கேனைக் கட்டி, தோட்டத்துக் கிணத்துல தூக்கிப் போட்டார். கயிறு அவிழ்ந்து கேன் மட்டும் மிதக்க, நான் முங்கிட்டேன். தலைமுடியைப் பிடிச்சு மேலே இழுத்தாங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயத்தை ஜோசியர் எதிர்காலமா மாத்திச் சொல்லி தட்சணை வாங்கிட்டுப் போயிட்டார்!

அன்னையிலேர்ந்து எனக்கும் தண்ணிக்கும் உள்ள உறவு பக்கெட், மக்கோடு சரி. குற்றாலத்துல கூட ஓரமா நின்னு சோப்புப் போட்டவன் நான். அப்படிப்பட்டவனை காலேஜ் கடைசி வருஷ டூர்னு சொல்லி, கடலுக்கு நடுவுல இருக்கிற தீவுக்கு இழுத்துட்டுப் போனா எப்படி இருக்கும்? போனோம். நாலு பசங்க, மூணு பொண்ணுங்க. இடம்... அந்தமானில் இருக்கிற ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரிலிருந்து அரசாங்க ஏட்டில் இதுக்குப் பேர் ஸ்வராஜ் தீவு. 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிடுச்சு. ஆனா, படகுத்துறையில இன்னமும் ‘ஹேவ்லாக்... ஹேவ்லாக்’னுதான் கூவுறாங்க!

அம்மாகிட்ட நான் சொன்னது, ‘‘தீவைச் சுத்திப் பார்க்கப் போறோம்மா...’’ பொய் இல்லை. கடலுக்கு அடியில இருக்கிறதும் தீவோட ஒரு பகுதிதானே!

‘தண்ணி’யில இருந்தா தண்ணியில இறங்க முடியாது!

நாங்க எடுத்தது ஒரு நாள் பேக்கேஜ். காலையில எலிஃபென்ட் பீச்ல ஸ்நார்க்ளிங். மதியத்துக்கு மேல ஸ்கூபா டைவிங். கூடவே வர கைடு, இறங்கறதுக்கு இன்ஸ்ட்ரக்டர், போட்டுக்கிற சாமான் எல்லாம் அதுலயே அடக்கம்.

காலை ஆறரை மணிக்கு டைவ் சென்டர்ல உட்கார வெச்சு ஒரு பாரத்தை நீட்டினாங்க. ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதுல ஆபரேஷன் ஆகியிருக்கா, சமீபத்துல நெஞ்சு வலி, சைனஸ், சளி... எக்ஸாம் ஹால்ல கூட நாங்க இவ்வளவு உண்மையா எழுதினது இல்லை. எங்க கேங்ல ஒருத்தனுக்கு முந்தின நாள் கப்பல் காத்துல ஜலதோஷம். ‘‘நீங்க ஸ்நார்க்ளிங் மட்டும் பண்ணுங்க. ஸ்கூபா வேணாம்’’னு அன்பா கழட்டி விட்டுட்டாங்க. மூக்கு அடைச்சிருந்தா காதுக்குள்ள அழுத்தத்தைச் சமப்படுத்த முடியாது, செவிப்பறை கிழிஞ்சுடலாம்னு காரணம் சொன்னாங்க. பாவம், அன்னிக்கு முழுக்க எங்களுக்கு போட்டோகிராபர் அவன்தான்.

இன்னொரு கேள்வி... ‘‘நேத்து ராத்திரி சரக்கு சாப்பிட்டீங்களா?’’ முந்தின ராத்திரி ‘தண்ணி’யில இருந்தா, மறுநாள் தண்ணியில இறங்க முடியாது. இது அங்கே கறாரான சட்டம்!

எங்க கைடு அண்ணன் அந்தமான்லயே பொறந்து வளர்ந்த தமிழர். தாத்தா காலத்துல ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வந்த குடும்பம். இந்தி, வங்காளம், தமிழ் மூணும் ஒரே வேகத்துல வருது. ஹேவ்லாக்ல பெரும்பாலானவங்க வங்காளிகள். பிரிவினைக்கு அப்புறம் கிழக்கு வங்காளத்துல இருந்து அகதிகளா வந்தவங்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்துக் குடியேத்தின தீவு இது. அதனாலதான் ஊர்ப் பேரெல்லாம் கோவிந்த நகர், ராதா நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ணா நகர்னு இருக்கு.

‘‘எலிஃபென்ட் பீச்னு ஏண்ணே பேரு?’’

‘‘மரம் இழுக்கிறதுக்கு யானைங்களைக் கொண்டாந்தாங்க தம்பி. மரம் வெட்டறது நின்ன பிறகு ராஜன்னு ஒரு யானை இங்கயே தங்கிடுச்சு. கடல்ல நல்லா நீந்தும். 2016-ல செத்துப்போச்சு. யானையே நீந்தியிருக்கு, உனக்கு என்ன?’’

யானைக்கு ஜோசியர் யாரும் பலன் சொல்லலையேண்ணே!

மீசை கெடுத்த மாஸ்க்

படகுத்துறையிலிருந்து ‘டுங்கி’னு அவங்க சொல்ற சின்ன மோட்டார் படகுல கிளம்பினோம். அரை மணி நேரத்துக்குள்ள எலிஃபென்ட் பீச். காட்டு மரங்கள் கரை வரைக்கும் வந்து நிக்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தது.

ஸ்நார்க்ளிங்ங்கிறது ரொம்ப எளிமையான விஷயம். கண்ணையும் மூக்கையும் மூடுற மாதிரி ஒரு மாஸ்க். வாயில கவ்விக்கிற வளைஞ்ச குழாய், அதோட மறுமுனை தண்ணிக்கு மேல நிக்கும். குப்புற மிதந்துக்கிட்டு, வாயால மூச்சு விட்டுக்கிட்டு கீழே வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதால நீச்சல் தெரியாட்டியும் முங்க மாட்டோம். மிதவை வளையத்தைப் பிடிச்சுக்கிட்டா கைடு இழுத்துட்டுப் போவார்.

மாஸ்க் கண்ணாடியில ஆவி படியாம இருக்க ஒரு வைத்தியம் உண்டு. எச்சில்! ‘‘த்தூ’’ன்னு உள்ளே துப்பித் தேய்ச்சு, கடல் தண்ணியில லேசா அலசிப் போட்டுக்கணும். பொண்ணுங்க ‘உவ்வே’ன்னாங்க. ரெண்டு நிமிஷத்துல அவங்களும் துப்பிக்கிட்டிருந்தாங்க.

எங்க கேங்ல அருவா மீசை வெச்சிருக்கிற மாப்ளே ஒருத்தன் இருக்கான். அவன் மாஸ்க்குக்குள்ள மட்டும் தண்ணி வந்துக்கிட்டே இருந்தது. மாஸ்க்கோட ரப்பர் தோலோட ஒட்டினாத்தான் தண்ணி வராது, நடுவுல மீசை முடி புகுந்தா வழி கிடைச்சுடும்! ‘‘எடுத்துடு தம்பி’’ன்னார் அண்ணன். ‘‘மீசையை எடுக்கிறதுக்குப் பதிலா உசிரை எடுங்கண்ணே!’’னு அவன் டயலாக் விட, கடைசியில மீசை மேல வாசலினைப் பூசி சமாளிச்சாங்க.

என் முறை வந்தது. இடுப்பளவு தண்ணியில முகத்தை உள்ளே வெச்சேன். அப்புறம்தான் பார்த்தேன்... நான் இத்தனை வருஷமா கரையில நின்னு எதைத் தவற விட்டிருக்கேன்னு!

கீழே ஒரு பெரிய சந்தை கூடியிருந்தது. மஞ்சள்ல கறுப்புக் கோடு போட்ட மீன்கள் குடும்பம் குடும்பமாப் போகுது. நீலமும் பச்சையும் கலந்த கிளிமீன் ஒண்ணு, பாறையைக் கடிக்கிற சத்தம் ‘கறுக், மொறுக்’குன்னு காதுல கேட்குது. நிஜமாவே கேட்குது! தண்ணிக்குள்ள சத்தம் காத்துல போறதைவிட நாலு மடங்குக்கு மேல வேகமாப் போகும். அதனால எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மட்டும் கண்டுபிடிக்க முடியாது. கிளிமீன் பவளப்பாறையைச் சுரண்டி, அதுல இருக்கிற பாசியைத் தின்னுட்டு, பொடியான சுண்ணாம்பைப் பின்பக்கமா வெளியே விடும். நாம செல்ஃபி எடுக்கிற வெள்ளை மணல்ல கணிசமான பங்கு இந்த மீன்களோட... சரி, விடுங்க. படுத்து உருளுறப்போ ஞாபகம் வந்து தொலைக்கும்!

கீழக்கரையில இருந்து வந்த எங்க கிளாஸ் பொண்ணு பக்கத்துல மிதந்துக்கிட்டே, குழாயை எடுத்துட்டுச் சொன்னா... ‘‘எங்க ஊர்ல இதைப் ‘பார்’னு சொல்வாங்க. எங்க தாத்தா சங்கு குளிச்சவர். இந்தக் குழாய், மாஸ்க் எதுவும் இல்லாம மூச்சைப் பிடிச்சுக்கிட்டே முங்குவார்.’’

அப்போதான் அது நடந்தது.

மளுக்!

ஒரு சின்ன அலை. அவ்வளவுதான். என் குழாய்க்குள்ள தண்ணி புகுந்து வாய்க்குள்ள உப்புக் கரிச்சது. மூச்சு அடைச்சது. தோட்டத்துக் கிணறு, கேன், மாமா எல்லாம் ஒரே செகண்ட்ல வந்துட்டாங்க. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறதே மறந்துபோச்சு. கையைக் காலை உதறி, காலுக்கு ஏதாவது கிடைக்காதான்னு கீழே மிதிச்சேன்.

கிடைச்சது. மளுக்குன்னு ஒடிஞ்சது. குதிகால்ல சுரீர்னு எரிச்சல்.

அண்ணன் வந்து கையைப் பிடிச்சு மல்லாக்கத் திருப்பி மிதக்க விட்டார். ‘‘மூச்சு விடு தம்பி... ஒண்ணும் இல்லை’’ன்னார். திட்டலை. நான் அடங்கினதும், அவர் மட்டும் கீழே முங்கினார். மான் கொம்பு மாதிரி கிளை கிளையா இருந்த பவளத்துல, விரல் நீளத் துண்டு ஒண்ணு ஒடிஞ்சு மணல்ல கிடந்தது. அதை எடுத்து, ரெண்டு பாறை இடுக்குல அசையாம சொருகி வெச்சுட்டு மேலே வந்தார்.

படகுல ஏறி உட்கார்ந்ததும், குதிகாலை நல்ல தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டுக்கிட்டே சொன்னார்... ‘‘நீ மிதிச்சது கல்லு இல்ல, செடியும் இல்ல தம்பி. உசிரு.’’

எனக்கு நிஜமாவே தெரியாது. ‘பவளப் பாறை’ங்கிற பேரைக் கேட்டுட்டு பாறைன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன். அது கோடிக்கணக்கான குட்டிக் குட்டி உயிரினங்களோட காலனி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாய், அதைச் சுத்தி உணர்கொம்புகள். ஜெல்லி மீனுக்குத் தூரத்துச் சொந்தம். தன்னைச் சுத்தி சுண்ணாம்பால வீடு கட்டிக்கிட்டே போகும். தலைமுறை தலைமுறையா கட்டின அந்த வீடுகள்தான் நாம பார்க்கிற பாறை. கிளை விடுற வகை வேகமா வளரும். வருஷத்துக்கு 10 செ.மீ. வரைக்கும் போகலாம். உருண்டையா பெரிய பூசணி மாதிரி இருக்கிற வகை வருஷத்துக்கு ஒரு செ.மீ. வளர்றதே பெரிசு. ஒரு ஆள் உயரத்துக்குப் பாறை நிக்குதுன்னா, அது நம்ம கொள்ளுத் தாத்தாவைவிட சீனியர்!

உலகக் கடல் தரையில நூத்துல ஒரு பங்குகூட இந்தப் பவளப்பாறைகள் இல்லை. ஆனா, கடல் உயிரினங்கள்ல நாலுல ஒரு வகை ஏதோ ஒரு கட்டத்துல இதை நம்பித்தான் வாழுது.

‘‘அந்தத் துண்டு பொழைக்குமாண்ணே?’’

‘‘அலையில உருளாம ஒரே இடத்துல நின்னா ஒட்டிக்கிட்டு வளரும். உருண்டுச்சுன்னா இல்லை. பார்ப்போம்!’’

என் பயத்தால எனக்கு மட்டும்தான் நஷ்டம்னு இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன். அன்னிக்குத்தான் அந்தக் கணக்கு தப்புன்னு தெரிஞ்சது. திரும்பிவரும்போது யார்கிட்டயும் நான் பேசலை.

ஆக்சிஜன் சிலிண்டர் இல்லீங்க!

மத்தியானம் லேசா சாப்பாடு. கரைக்குப் பக்கத்துலயே இருக்கிற ‘நீமோ ரீஃப்’ங்கிற இடத்துல ஸ்கூபா. புதுசா வர்றவங்களுக்கு ஏத்த, ஆழம் குறைஞ்ச இடம். கடல் ஏற்றத்துக்காகக் காத்திருந்த நேரத்துல பாடம் நடந்தது.

எங்க இன்ஸ்ட்ரக்டர் புனேக்கார அக்கா. தமிழ்ல அவங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டே வார்த்தை... ‘போதும்’, ‘மெதுவா’. கடலுக்குள்ள போக இந்த ரெண்டும் தாராளமாப் போதும்!

முதல்ல முதுகுல இருக்கிற சிலிண்டர். எல்லாரும் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’னு சொல்றோமே, அது ஆக்சிஜன் இல்லை. நாம இப்ப சுவாசிக்கிற இதே சாதாரணக் காத்துதான். ஈரப்பதத்தை எடுத்துட்டு, வடிகட்டி, அழுத்தி அடைச்சு வெச்சிருப்பாங்க. அந்தக் காத்தை, நாம இழுக்கிறப்போ மட்டும், சுத்தியிருக்கிற தண்ணியோட அழுத்தத்துக்குத் தகுந்தபடி விடுற கருவிதான் வாயில வெச்சுக்கிற ‘ரெகுலேட்டர்’. 1943-ல் பிரான்ஸ்ல ழாக் குஸ்தோவும், எமில் கான்யான்ங்கிற இன்ஜினீயரும் சேர்ந்து உருவாக்கின ‘அக்வாலங்’தான் இன்னைய ஸ்கூபாவுக்குத் தாத்தா.

அடுத்தது, அழுத்தம். கரையில நம்ம மேல ஒரு பங்கு காத்தழுத்தம். 10 மீட்டர் ஆழத்துல அது ரெண்டு மடங்கு. 20 மீட்டர்ல மூணு மடங்கு. 10 மீட்டர்ல ஒரு பலூனை ஊதி வாயைக் கட்டி மேலே விட்டா, மேலே வரும்போது ரெண்டு மடங்கு பெருத்திருக்கும். நம்ம நுரையீரலும் ஒரு பலூன்தானே! அதனாலதான் ஸ்கூபாவுல நம்பர் ஒன் ரூல்... ‘மூச்சைப் பிடிச்சு வைக்காதே. விட்டுக்கிட்டே இரு!’ சினிமாவுல ஹீரோ மூச்சை அடக்கிக்கிட்டு மேலே வர்ற மாதிரி சிலிண்டரோட வந்தா நுரையீரல் கிழிஞ்சுடும்.

காதுக்கும் அதே கதைதான். இறங்கும்போது செவிப்பறையை வெளியில இருந்து தண்ணி அமுக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு லேசா காத்தை ஊதினா ‘பொப்’புன்னு சரியாகும். ஒவ்வொரு மீட்டருக்கும் இதைச் செய்யணும், வலி வந்த பிறகு செய்யக் கூடாது, வலிக்கிறதுக்கு முன்னாடியே செய்யணும். கீழக்கரைப் பொண்ணு இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டா. ‘‘தாத்தாவுக்கு ஒரு காது சுத்தமா கேட்காது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவர் பக்கத்துல கத்தித்தான் பேசணும்’’னு சொன்னா. கொஞ்ச நேரம் யாரும் ஜோக் அடிக்கலை.

கடைசியா சைகை பாஷை. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் வட்டமா சேர்ந்தா ‘நல்லா இருக்கேன்’. உள்ளங்கையை இப்படி அப்படி ஆட்டினா ‘ஏதோ பிரச்னை’. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா ‘சூப்பர்’னு நினைச்சுடாதீங்க. ‘மேலே போகணும்’னு அர்த்தம். நம்ம மீசைக்காரன் கீழே போனதும் குஷியில கட்டை விரலைத் தூக்க, அவனோட இன்ஸ்ட்ரக்டர் உடனே மேலே கூட்டிட்டு வந்துட்டார்!

மெதுவா... மெதுவா...

மார்பளவு தண்ணியில மண்டி போட்டுப் பயிற்சி. முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு ரெகுலேட்டர்ல மூச்சு விடணும். விட்டேன். மாஸ்க்குக்குள்ள வேணும்னே கொஞ்சம் தண்ணி விட்டு, மூக்கால ஊதி வெளியே தள்ளணும். இங்கேதான் கவுந்தேன். மூக்குல தண்ணி ஏறின அடுத்த செகண்ட், ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிஞ்சுட்டு எழுந்து நின்னுட்டேன்.

‘‘வேணாம்க்கா. நான் வரலை.’’

அக்கா இங்கிலீஷ்ல சொன்னதோட சாரம் இதுதான். ‘வேணாம்னா வேணாம். எப்ப வேணும்னாலும், எந்தக் காரணமும் சொல்லாம திரும்பிடலாம். இதுல அவமானம் ஒண்ணும் இல்லை. ஆனா, முடிவு பண்றதுக்கு முன்னாடி பத்து தடவை மூச்சு விடு. நான் எண்ணுறேன்.’

எண்ணினாங்க. ரெகுலேட்டரோட, முகம் தண்ணிக்குள்ள. உள்ளே ‘ஹ்ஹ்ஸ்ஸ்...’, வெளியே ‘குளுகுளுகுளு...’ அஞ்சாவது மூச்சுல காலையில ஒடிஞ்ச அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. பதறினா மிதிப்பேன். மிதிச்சா ஒடியும். பதறாம இருக்கக் கத்துக்கிட்டா என்ன? பத்து முடிஞ்சு, அவங்க நிறுத்தினப்புறமும் நான் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தேன். விரல்களை வட்டமாக்கிக் காட்டினேன்.

இறங்க ஆரம்பிச்சோம். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு ஆள். அக்கா என் சிலிண்டரோட கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. ரெண்டு மீட்டர்... பொப். மூணு மீட்டர்... பொப். நான் கையை வீசும்போதெல்லாம், கண்ணுக்கு முன்னாடி கையை அமர்த்திக் காட்டுவாங்க. அந்த ஒரு தமிழ் வார்த்தை எனக்கு மாஸ்க்குக்குள்ள கேட்டது... மெதுவா!

எங்க கைக் கடிகாரக் கருவியில எட்டு மீட்டர்னு காட்டினப்போ, ஒரு கடல் சாமந்தி. அதோட நெளியுற விரல்களுக்கு நடுவுல ஆரஞ்சும் வெள்ளையுமா நீமோ குடும்பம்! 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வுல பார்த்த அதே கோமாளி மீன் வகையறா. படத்துல சொல்லாத சங்கதி ஒண்ணு இருக்கு. இந்த மீன்கள் எல்லாமே பிறக்கும்போது ஆண். கூட்டத்துல பெரிய மீன் மட்டும் பெண். அது செத்துட்டா, அதுக்கு அடுத்த ஆண் மீன் பெண்ணா மாறிடும். அப்படிப் பார்த்தா நீமோவோட அப்பா, அம்மாவா மாறியிருக்கணும். குழந்தைங்க படத்துல அதையெல்லாம் எப்படிக் காட்டுறது!

பக்கத்துல வந்த கீழக்கரைப் பொண்ணு தன் கையைக் காட்டினா. ஊர்ல வெச்சுட்டு வந்த மருதாணி, சிவப்பே இல்லாம கறுப்பாத் தெரிஞ்சது. தண்ணி முதல்ல விழுங்கறது சிவப்பு நிறத்தைத்தான். இன்ஸ்ட்ரக்டர் டார்ச் அடிச்சதும் பளிச்சுன்னு சிவந்துச்சு. மாஸ்க்குக்குள்ள அவ சிரிக்கிறது தெரிஞ்சது.

நான் எதையும் தொடலை. பவளத்துக்கு ஒரு முழம் மேல, கையைக் கட்டிக்கிட்டு, மூச்சை இழுத்தா கொஞ்சம் மேலே, விட்டா கொஞ்சம் கீழே. தூளியில ஆடுற மாதிரி. ஏறக்குறைய அரை மணி நேரம். கிணத்துல முங்கினவன் நான்தானான்னு சந்தேகமே வந்துடுச்சு.

வெளுத்துப்போன கதை

ஆனா, பார்த்தது எல்லாமே அழகு இல்லை. அதையும் சொல்லிடணும். நீமோ வீட்டைத் தாண்டினா ஒரு பெரிய பரப்பு முழுக்கப் பழுப்பு நிறத்துல, பாசி மூடி, மொட்டையாக் கிடந்தது. கிளை ஒடிஞ்ச எலும்புக் குவியல். மீன் ஒண்ணு ரெண்டுதான். அது என்னன்னு கரைக்கு வந்ததும் அண்ணன்கிட்ட கேட்டேன்.

‘‘2010-ல ஏப்ரல், மே மாசம். கடல்ல காலை வெச்சா வெந்நீர் மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாள்ல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி எல்லாம் வெள்ளையாயிடுச்சு. பார்க்க அழகாக்கூட இருந்துச்சு தம்பி. டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுத்தாங்க. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.’’

என்ன நடக்குதுன்னு நம்ம பாஷையில சொல்லணும்னா, வீட்டு ஓனரும் குடித்தனக்காரரும் கதைதான். பவள உயிர் வீட்டு ஓனர். அதோட உடம்புக்குள்ள குடியிருக்கிற நுண்ணிய பாசி குடித்தனக்காரர். பாசி வெயில்ல சமைச்சு, ஓனருக்கு வேண்டிய சாப்பாட்டுல பெரும்பகுதியைக் கொடுத்துடும். பவளத்தோட கலரும் பெரும்பாலும் அதோட உபயம்தான். கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்னா, ரெண்டு பேருக்கும் ஒத்துவராமப் போய், ஓனர் பாசியை வெளியே துரத்திடும். மிஞ்சுறது வெள்ளை எலும்பு. அந்த நிமிஷமே அது செத்துடுறது இல்லை. பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிஞ்சா பாசி திரும்ப வரும், பொழைச்சுக்கும். தணியலைன்னா... நான் பார்த்த அந்தப் பழுப்புக் காடுதான்.

உலகம் முழுக்க இப்படிப் பவளங்கள் வெளுத்தது 1998-ல் முதல் தடவை, 2010-ல் ரெண்டாவது, 2014 முதல் 2017 வரை மூணாவது. நாலாவது நடக்குதுன்னு 2024 ஏப்ரல்ல அறிவிச்சாங்க. நடுவுல 2004 சுனாமி நேரத்து நிலநடுக்கத்துல, வட அந்தமான் பக்கம் கடல் தரையே மேலே தூக்கி, பவளப்பாறைகள் வெயில்ல காய்ஞ்சு செத்துப்போச்சு. பூமி வெப்பம் 1.5 டிகிரி கூடினாலே வெதுநீர்ப் பவளங்கள்ல 70 முதல் 90 சதவிகிதம் போயிடும்னு ஐ.நா-வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழு 2018-ல் எச்சரிச்சது. 2 டிகிரின்னா 99 சதவிகிதத்துக்கு மேல!

‘‘எங்க ஊர்ப் பக்கமும் இருக்குண்ணே. மன்னார் வளைகுடாவுல’’ன்னா கீழக்கரைப் பொண்ணு. ‘‘ஒரு காலத்துல சுண்ணாம்புக்காகப் பாரை வெட்டி வெட்டி எடுத்துட்டுப் போனாங்களாம். பக்கத்துலயே இருந்துக்கிட்டு நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்தது இல்லை.’’

சாயங்காலம் கரையில மீசைக்காரன் செத்த பவளத் துண்டு ஒண்ணைப் பொறுக்கிப் பைக்குள்ள போட்டான். ‘‘வீட்டு ஷோகேஸுக்குடா!’’ அண்ணன் கையை நீட்டினார். ‘‘இது புலி இருக்கிற அதே அட்டவணை தம்பி. ஏர்போர்ட்ல மாட்டினா கேஸ் ஆயிடும்.’’ நிஜம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல, பாறை கட்டுற பவளங்கள் முதல் அட்டவணையில இருக்கு. அவன் அமைதியாத் திருப்பிக் கொடுத்துட்டான்.

ராத்திரி அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். போன் வந்தது. ‘‘யார்றா இது... மூஞ்சியே தெரியலை?’’

‘‘நான்தாம்மா.’’

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘‘தலையை நல்லாத் துவட்டினியா?’’

ஊருக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. குதிகால் காயம் இப்பத்தான் ஆறுது. தெருமுனை நீச்சல் குளத்துல பொடிப் பசங்களோட பொடிப் பையனா சேர்ந்திருக்கேன். அண்ணனுக்கு வாரம் ஒரு போன். ‘‘அந்தத் துண்டு ஒட்டிக்கிச்சாண்ணே?’’

‘‘இடுக்குலயே நிக்குது தம்பி. அவசரப்படாதே. மெதுவாத்தான் ஒட்டும்!’’

இறங்கறதுக்கு முன்னாடி... இதைப் படிச்சுடுங்க பாஸ்!

* இன்ஸ்ட்ரக்டரோட போற அறிமுக டைவுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்லை. வயசு 10 ஆகியிருக்கணும். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். தனியா டைவ் அடிக்கணும்னா, சில நாள் கோர்ஸ் முடிச்சு சர்ட்டிஃபிகேட் வாங்கணும். அதுக்கு நீச்சல் கட்டாயம்.

* சளி, ஆஸ்துமா, இதயப் பிரச்னை இருந்தா மறைக்காதீங்க. மறைச்சு ஏமாத்துறது இன்ஸ்ட்ரக்டரை இல்லை, உங்க உடம்பை!

* ஒரு டைவ் அடிச்சா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலன்னா 18 மணி நேரம் கழிச்சுத்தான் விமானம் ஏறணும். உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேணும். அதனால, டூரோட கடைசி நாள்ல டைவ் வெச்சுக்காதீங்க.

* அந்தமான்ல ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் மழை, அலை ரெண்டும் ஜாஸ்தி. கடல் தெளிவா இருக்கிறது ஜனவரியிலிருந்து மே வரைக்கும்.

* சில சன் ஸ்கிரீன்கள்ல இருக்கிற ஆக்ஸிபென்சோன் பவளத்துக்கு ஆகாதுன்னு, ஹவாய்ல 2021-லிருந்து அதை விற்கவே தடை. முழுக்கை டி-ஷர்ட் போட்டா வெயிலும் படாது, காசும் மிச்சம்.

* தண்ணிக்குள்ள தடுமாறினா காலை ஊன்றாதீங்க. மல்லாக்கத் திரும்பி மிதங்க. லைஃப் ஜாக்கெட் பார்த்துக்கும். கீழே இருக்கிறது தரை இல்லை... யாரோட வீடோ!